பஞ்சு நஸ்கர் சொன்னதாக நான் எழுதியது

போன ஜனவரியில் ஒரு நாள் காலை, டாக்குரியா ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. பேசியவள் இஷிதா. நான் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிய அலுவலகத்தில் இப்போது இருப்பவள். எந்த நிலத்தில் என்ன விளைகிறது, அது எந்த வகை வேளாண்மை என்று பார்த்துப் படத்தில் வண்ணம் தீட்டுவதுதான் எங்கள் வேலை. எங்கள் காலத்தில் நடந்து போய்ப் பார்ப்போம். இப்போது செயற்கைக்கோள் பார்க்கிறது, கம்ப்யூட்டர் வண்ணம் தீட்டுகிறது, இஷிதா அதைச் சரிபார்க்கிறாள்.

"ஷொங்கர் தா, பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய துண்டு இருக்கு. கம்ப்யூட்டர் அதைக் காலி நிலம்னு போடுது. பழைய ஷீட்டை எடுத்துப் பாத்தா மீன் குளம்னு இருக்கு. கூடவே ஒரு திருத்தச் சீட்டைக் குத்தி வெச்சிருக்காங்க. அடியில உங்க கையெழுத்து. தப்பு யார் மேல, கம்ப்யூட்டர் மேலயா, உங்க மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்தான்" என்றேன்.

சங்கரன் என்ற என் பெயர் வங்காளிகள் வாயில் ஷொங்கர் ஆகிவிடும். 'தா' என்றால் அண்ணா. நான் இங்கேயே பிறந்தவன், வங்காளம் எனக்கு இன்னொரு தாய்மொழி மாதிரி. இந்தக் கட்டுரையில் வரும் பேச்சில் முக்கால்வாசி வங்காளத்தில் பேசியது. எங்கள் வீட்டில் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன நடந்ததுன்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க தா. அப்புறம், கள ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு. அந்த இடத்துல யாரைக் கேட்டோம்னு ஒரு பேர் போடணும். அது இல்லாம நான் கம்ப்யூட்டர் போட்டதை மாத்த முடியாது. யார் பேரைப் போட?"

"ரெண்டு நாள் பொறு" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவி லலிதா உள்ளேயிருந்து, "அரைப் பக்கமா? நீங்களா? மளிகைச் சாமான் லிஸ்டையே ரெண்டு பக்கம் எழுதறவராச்சே" என்றாள். அவள் சொன்னது பலித்துவிட்டது. அந்த அரைப் பக்கம்தான் இது.

என் தாத்தா கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக வந்தவர். அப்பா பாங்கில் இருந்தார். நான் புவியியல் படித்தேன் என்றால் உறவுக்காரர்கள், "சரி, அதுக்கென்ன பண்றது" என்று துக்கம் விசாரிக்கிற தொனியில் சொல்வார்கள். உலகத்து வேளாண்மையை எல்லாம் ஏழெட்டு வகையாகப் பிரித்துப் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. இடம்பெயர் வேளாண்மை, மேய்ச்சல், தீவிரத் தன்னிறைவு வேளாண்மை, தோட்டப் பயிர், கலப்புப் பண்ணை, பால் பண்ணை, சந்தைக் காய்கறி. அதை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதி, அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையிலும் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் வடக்கே தேயிலைத் தோட்டம், ஹூக்ளிப் பக்கம் உருளைக்கிழங்கு, மால்டாவில் மாந்தோப்பு என்று பட்டியல் பிசகாமல் போயிற்று.

வேலையின் முறை இதுதான். கிராமத்து நிலப் படம் பெரிய தாளில் இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். வரப்பு வரப்பாக நடந்து, துண்டைப் பார்த்து, அங்கே இருப்பவரிடம் விசாரித்து, ஃபீல்டு புக்கில் எண், பயிர், வகை, கேட்ட ஆளின் பெயர் எல்லாம் எழுத வேண்டும். அலுவலகம் திரும்பியதும் ஷீட்டில் பென்சில் வண்ணம். நெல்லுக்குப் பச்சை, காய்கறிக்கு ஆரஞ்சு, தண்ணீருக்கு நீலம். காலி நிலத்துக்கு வண்ணமே கிடையாது, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் நடக்க முடியாது என்பதால் துர்க்கா பூஜை முடிந்த பிறகு கிளம்பி, ஹோலிக்கு முன்னால் திரும்பிவிடுவோம். எங்கள் சர்வே எல்லாம் பனிக்காலத்துச் சர்வே. அது யாருக்கும் உறுத்தியதில்லை, எனக்கும்தான்.

எங்கள் அதிகாரி நந்தி பாபு. நந்தி என்பது இங்கே குடும்பப் பெயர். ஆனால் எந்த ஷீட்டும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு மட்டும் தனியாக ஒரு சிரிப்பு உண்டு. ஷீட்டைக் கொண்டு போனால் முதலில் மேஜையைத் துடைப்பார். துடைத்த மேஜையை இன்னொரு தடவை துடைப்பார். நாலு மூலையிலும் நாலு பித்தளைக் குண்டு வைப்பார். கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணை ஷீட்டின் மேல் ஓடவிடாமல், எங்கேயோ ஜன்னலைப் பார்த்தபடி விரலை ஓர் இடத்தில் வைப்பார்.

"இங்க யாரைக் கேட்டே?"

என்ன பயிர் என்று கேட்க மாட்டார். யாரைக் கேட்டாய், அவர் என்ன சொன்னார், அவ்வளவுதான். நாலு இடத்தில் விரல் வைப்பார். நாலுக்கும் பெயரும் பதிலும் சரியாக வந்தால் மூலையில் கையெழுத்து. ஒன்று தடுமாறினாலும் ஷீட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டியதுதான். திட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

மூன்றாவது வருஷம் என்னைக் கிழக்கே, ஊரின் சாக்கடை போய்ச் சேரும் ஈரநிலத்துக்கு அனுப்பினார். அங்கேதான் என் பட்டியல் படுத்துவிட்டது. ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கிய இடத்தில் காலிஃபிளவர் பந்து பந்தாக நிற்கிறது. அதை அடுத்து 'பேரி' என்று சொல்கிற ஆழமில்லாத பெரிய பெரிய குளங்கள். நகரத்தின் கழிவுநீரை மடை வழியாக அளவோடு விடுகிறார்கள், வெயில் அதைத் தெளிய வைக்கிறது, அதில் மீன் கொழுக்கிறது. மீன் குளத்திலிருந்து வெளியே விட்ட தண்ணீரில் கீழே நெல் விளைகிறது. நான் ரொம்ப யோசித்து, 'கலப்புப் பண்ணை' என்று எழுதிக்கொண்டு போனேன்.

நந்தி பாபு ஜன்னலைப் பார்த்தபடி, "மாடு எங்க?" என்றார்.

"மாடு இல்லை ஸார்."

"உன் புத்தகத்துல கலப்புப் பண்ணைக்கு மாடு உண்டே. இவங்க கிட்ட மாடு இல்லைன்னா, புத்தகத்தை மாத்தணும். இல்லைன்னா இவங்களுக்கு மாடு வாங்கிக் குடுக்கணும். எது சுலபம்?"

அந்த வகைக்குத் தனிப் பெயரும் தனி எண்ணும் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை 'மீன் குளம்' என்று நீலம் தீட்டச் சொன்னார். நானும் ஒரு வாரம் நீலமாகத் தீட்டித் தள்ளினேன்.

கடைசி நாள் நான் செய்ததைத்தான் இஷிதா தோண்டி எடுத்திருக்கிறாள். ஜனவரி மாதம், பனி, காலையிலிருந்து சாப்பாடு இல்லை. மீதி இருந்தது ஒரே ஒரு துண்டு, பெரியது. கரையில் ஏறிப் பார்த்தேன். தண்ணீரே இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் பெரிய பையன்கள் செங்கல் அடுக்கி வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னவோ நாற்றம் அடித்தது. ஒரு வங்காளி என் இடத்தில் நின்றிருந்தால் அவன் மூக்கே எல்லாம் சொல்லியிருக்கும். நாங்கள் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் மீன் தொடாத குடும்பம். எனக்கு நாற்றம் என்றால் நாற்றம், அவ்வளவுதான். குப்பைமேடு பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கரையோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் என் வயசுதான், இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். ஒரு டீ குடித்தேன். பெயர் கேட்டேன், பஞ்சு நஸ்கர் என்றார். சர்க்கரை போடட்டுமா என்று அவர் கேட்டார், போடுங்கள் என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறி, உட்கார்ந்த பிறகு ஃபீல்டு புக்கைத் திறந்து எழுதினேன்: காலி நிலம். தகவல் தந்தவர், பஞ்சு நஸ்கர்.

அந்த ஷீட்டில் நந்தி பாபுவின் விரல் நேராகப் போய் அந்த வெள்ளைத் துண்டில்தான் நின்றது.

"இங்க யாரைக் கேட்டே?"

"பஞ்சு நஸ்கர், ஸார். டீக்கடை."

"என்ன சொன்னார்?"

"காலி நிலம்னு சொன்னார் ஸார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு முகம் கொஞ்சம் சுட்டது. மறுநாள் அதுவும் ஆறிவிட்டது.

சில மாதங்களில் வேறொரு துறையிலிருந்து கடிதம் வந்தது. பைபாஸ் பக்கம் பெரிய சரக்குக் கிடங்கு கட்ட வேண்டும், காலி நிலங்களின் பட்டியல் வேண்டும். எங்கள் குமாஸ்தா ஷீட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதினார். முதல் வரியில் என் வெள்ளைத் துண்டு. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அந்தப் பட்டியலைக் கிராமத்துப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். தகவல் தந்தவர் பெயரோடு, சர்வே செய்த என் பெயரையும் போட்டு.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், மழையில் தொப்பலாக நனைந்த ஓர் ஆள் கையில் சாக்கு மூட்டையோடு எங்கள் கூடத்துக்குள் வந்தார். பெயர் சொல்லி என்னை விசாரித்து, என் மேஜைக்கு வந்து, மூட்டையைப் பிரித்து என் காகிதங்களின் மேலேயே ஒரு பெரிய காத்லா மீனை வைத்தார். நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன்.

"பாத்துக்குங்க பாபு. காலி நிலத்துல வெளஞ்சது."

அப்போதுதான் முகம் அடையாளம் தெரிந்தது. பஞ்சு நஸ்கர்.

"நான் என்ன சொன்னேன் பாபு உங்ககிட்ட? சர்க்கரை போடட்டுமான்னு கேட்டேன். வேற ஒரு வார்த்தை சொன்னேனா? அந்தத் தண்ணிய நம்பி அறுபது குடும்பம் இருக்கு. என் மச்சான் அங்க வலை இழுக்கறான். பஞ்சு காசு வாங்கிட்டுத் தண்ணிய வித்துட்டான்னு ஊரே பேசுது. ஒரு மாசமா என் கடையில ஒருத்தன் டீ குடிக்கல. அடுப்ப மூட்டி வெச்சுக்கிட்டு நான் மட்டும் ஒக்காந்திருக்கேன். எம் பொண்டாட்டி கேக்கறா, 'நெசமா நீ சொல்லலியா'ன்னு. என் பொண்டாட்டியே கேக்கறா பாபு!"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் பேனாச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு நந்தி பாபு வெளியே வந்தார். முதலில் மீனைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பஞ்சுவை உட்காரச் சொன்னார். அப்புறம் என்னிடம், "இவரைக் கேட்டியா?" என்றார்.

இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இல்லை ஸார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "குடை இருக்கா?" என்றார்.

மூவரும் பஸ் பிடித்து, பிறகு சைக்கிள் வேனில் ஏறிப் போனோம். கரை மேல் ஏறிப் பார்த்தேன். கிரிக்கெட் ஆடிய இடம் முழுக்கத் தண்ணீர், எதிர்க்கரை மழையில் தெரியவே இல்லை. இரண்டு படகு மிதந்தது. அலை கரையை அரிக்காமல் இருக்க ஓரமெல்லாம் ஆகாயத்தாமரையை வளர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். மடையின் பொறுப்பு சரளா மாஷி என்ற பெண்மணியிடம் இருந்தது; 'மாஷி' என்றால் சித்தி. கழிவுநீரை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்பதைத் தண்ணீரின் நிறத்தையும் வாசனையையும் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"ஒவ்வொரு பேரியும் ஒவ்வொரு சமயம் காயும். இதுல பௌஷ் மாசம், பனியில, தண்ணிய எறக்கி, மீனெல்லாம் புடிச்சிட்டு, தரை வெடிக்கிற வரைக்கும் காயவிடுவோம். காயலேன்னா அடுத்த வருஷம் மீனுக்கு நோவு வரும். அப்ப வந்து பாத்துட்டுக் காலின்னு எழுதினீங்களாமே. மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து அடுப்பு அணைஞ்சு கெடக்கறதைப் பாத்தா, இந்த வீட்டுல சமைக்கிறதே இல்லைன்னு எழுதுவீங்களா?"

நந்தி பாபு பையிலிருந்து திருத்தச் சீட்டை எடுத்தார். பஞ்சுவின் டீக்கடை பெஞ்சைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். "எழுது" என்றார்.

பிழைக்குக் காரணம் என்ற இடத்தில், 'விசாரிக்கத் தவறியது' என்று எழுதினேன். பேனாவை வாங்கி அதன் மேல் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தவறலே. விசாரிச்சதா எழுதினே. அதை எழுது."

எழுதினேன். 'பஞ்சு நஸ்கரை நான் எதுவும் கேட்கவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்டதாகவும் சொன்னதாகவும் நானே பொய்யாக எழுதினேன்.' கையெழுத்துப் போட்டதும், எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படித்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே என் வாயால் அதைச் சொன்னபோது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. படித்து முடித்ததும் நந்தி பாபு சீட்டை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒரு வரி எழுதிச் சத்தமாகப் படித்தார். 'சரிபார்த்த நானும் பெயரைத்தான் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை. பனிக்காலத்தில் மட்டும் பார்த்தது என் துறையின் பிழை.'

யாரும் கை தட்டவில்லை. சரளா மாஷி தலைத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"பஞ்சு, எல்லாருக்கும் டீ போடு" என்றார்.

பஞ்சு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போதுதான் அழுதார் என்று நினைக்கிறேன். மண் குவளைகளை ஒன்றொன்றாக எடுத்து அடுக்கினார். கூட்டத்தில் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று வந்தது. சர்க்கரை வேண்டுமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

நந்தி பாபு அந்தச் சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு கிடங்கு கேட்ட துறைக்கு மூன்று தடவை நேரில் போனார். பூஜைக்கு முன்பே அந்தத் துண்டு பட்டியலிலிருந்து போய்விட்டது. பிற்பாடு அந்த ஈரநிலத்துக்கே சட்டப் பாதுகாப்பு வந்தது, அது பெரிய மனிதர்கள் செய்தது, எனக்குப் பங்கில்லை. என் பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. மனசார ஏற்றுக்கொண்டேன். ஃபீல்டு புக்கில் 'பார்த்த மாதம்' என்று ஒரு பத்தி புதிதாக வந்தது. மழையிலும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதற்காகச் சக ஊழியர்கள் என்னை வருஷக் கணக்காக வைதார்கள். கழிவுநீர் மீன் வளர்ப்புக்குத் தனி எண்ணும் கிடைத்தது. மீன் வந்த அன்று சாயங்காலம் அந்தக் காத்லாவை நந்தி பாபுதான் வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள், "காலி நிலம் ரொம்ப ருசி" என்றார். அவர் செய்த ஒரே கேலி அதுதான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ வரப்பில் நடந்தேன். கேட்காமல் ஒரு பெயரையும் எழுதியதில்லை. நிறையக் கேட்டதால் நிறைய டீயும் குடித்தேன், வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பஞ்சுவின் கடைப் பக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பகுதி வந்தால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடுவேன்.

இஷிதாவிடம் பொறு என்று சொன்ன மறுநாள் கிளம்பினேன். "எங்கே?" என்றாள் லலிதா. "ஒருத்தரை ஒரு விஷயம் கேக்கணும்" என்றேன். "போன்ல கேக்கப்படாதோ?" "கேக்கப்படாது."

கடை இப்போது தகரக் கூரை போட்டுப் பெரிதாக இருந்தது. மருமகள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சு குல்லாய் போட்டுக்கொண்டு பெஞ்சில் வெயில் காய்ந்தார். சரளா மாஷி போய்ச் சேர்ந்துவிட்டார், மடை அவர் மகளிடம் இருக்கிறது என்று பிறகு சொன்னார். கரைக்கு அந்தப் பக்கம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கிரிக்கெட்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஞ்சு தா, இது என்ன நிலம்?"

திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் நிறுத்தாமல் சிரித்தார். மருமகள் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"அடப்பாவி பாபு! இதக் கேக்க இத்தன வருஷமா?" என்று என் தொடையில் தட்டினார். "பேரி. மீன் பேரி. இப்போ காயுது. பனி போயி பால்குன் மாசம் பொறந்ததும் தண்ணி விடுவோம். எழுதிக்குங்க."

அங்கேயே உட்கார்ந்து இஷிதாவுக்குப் போன் போட்டேன்.

"கள ஆதாரம் எழுதிக்கோ. பஞ்சு நஸ்கர்."

"திருத்தச் சீட்டுல இருக்கற அதே பேரா?" என்றாள். தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஷொங்கர் தா, அவரைக் கேட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டாரும்மா. இந்தத் தடவை நெசமாவே கேட்டார்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சர்க்கரை போடச் சொல்லட்டுமா பாபு?" என்றார்.

டாக்டர் கூடாது என்றிருக்கிறார். இரண்டு கரண்டி போடச் சொன்னேன்.